வராத நாளும் ஒரு புகார்தான்

எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு வாரம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுவலி என்று அம்மாவிடம் சொன்னேன். பீடி சுற்றிக்கொண்டிருந்தவள் முறத்தை இறக்கி வைத்துவிட்டு ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். உண்மைக் காரணம் வேறு. உதவித்தொகைப் படிவம் வந்த அன்று, "எஸ்.சி. பயலுவல்லாம் எந்திரிங்கல" என்று ஆசிரியர் வகுப்பு நடுவே எழுப்பி நிறுத்தினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் மறுநாள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான். ஒரு வாரம் கழித்துத் திரும்பியபோது, "ஏம்ல வரல?" என்று எல்லார் முன்பும் கேட்டார்கள். "வயித்துவலி சார்" என்றேன். விஷயம் அத்தோடு முடிந்தது.

இன்று வருகைப்பதிவு கைப்பேசிச் செயலிக்கு மாறிவிட்டது. எத்தனை பேர் வரவில்லை என்ற எண்ணிக்கை காலையிலேயே மேலே போய்விடுகிறது. ஏன் வரவில்லை என்பது மட்டும் உள்ளூரிலேயே தெரிவதில்லை. "காலனிப் பிள்ளைகள் ஒழுங்கா வர்றதில்ல, பெத்தவங்களுக்கு அக்கறை இல்ல" என்ற பழைய பேச்சே காரணமாகிவிடுகிறது.

வீட்டுக் காரணங்களை நான் மறுக்கவில்லை. குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடும் பெண் பிள்ளைகள் உண்டு. ஆனால், பள்ளிக்கூடமே காரணமாகிற நாட்களும் உண்டு. அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நம் மாவட்டம் மறந்திருக்காது. அந்தப் பட்டியலின மாணவர் முதலில் செய்தது, பள்ளிக்குப் போகாமல் இருந்ததுதான். பள்ளியிலிருந்து காரணம் கேட்ட பிறகுதான், சக மாணவர்களின் சாதியத் துன்புறுத்தல் வெளியே வந்தது. புகார் கொடுத்த அன்றிரவே வீடு புகுந்து அவரை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்த மாணவர் மறு ஆண்டு பிளஸ் 2 தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார். படிப்பில் அக்கறை இல்லாமலா அவர் அந்த நாட்களில் வீட்டில் இருந்தார்?

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கவே கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பதிவேட்டில் இருந்து சாதியை எடுப்பது அவசியம். அந்தப் பதிவேட்டில் விழும் 'ஆப்சென்ட்'டுக்குப் பின்னால் சாதி இருக்கிறதா என்று பார்ப்பதும் அதே அளவு அவசியம்.

அதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். வகுப்பு நடுவே நிறுத்திக் கேட்காமல், தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும். துன்புறுத்தல் என்று தெரிந்தால், புகாரை வாங்கியதும் அன்றைக்கே பிள்ளைக்குப் பாதுகாப்பு தேட வேண்டும். சமாதானம் பேசி அனுப்பிவிடக் கூடாது. நாங்குநேரியில் ஓர் இரவு கூட இடைவெளி கிடைக்கவில்லை.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அதில் விகிதாச்சாரப்படி இடம் உண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும் நம் தெருத் தாய்மார்கள், அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "போன மாசம் தொடர்ந்து வராத பிள்ளைங்க யாரு? வீட்டுக்குப் போய்ப் பார்த்தீங்களா?"

வீட்டிலும் ஒன்று செய்ய வேண்டும். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிற பிள்ளையை அடித்து விரட்டுவதற்கு முன்னால், அங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள். என் அம்மா இன்றுவரை அதை வயிற்றுவலி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.