பல்லுக்கு எடுத்த படம், கழுத்துக்குச் சொல்லும் சேதி

ஞானப்பல் பிடுங்கவோ செயற்கைப் பல் பதிக்கவோ போனால், பல் வைத்தியர் முதலில் ஓபிஜி என்ற எக்ஸ்ரே படம் எடுத்துவரச் சொல்வார். கருவி முகத்தைச் சுற்றி வர, இரண்டு தாடையும் ஒரே படத்தில் விழும். எல்லார் கண்ணும் பல்லிலேயே நிற்கும். படத்தின் கீழ் மூலைகளை யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கழுத்து நாடி கிளைபிரிவது அங்கேதான். தாடைக் கோணத்துக்குச் சற்றுக் கீழே, பின்புறமாக. நாடிச் சுவரில் படிந்த கொழுப்பில் கல்சியம் ஏறினால், அந்த இடத்தில் வெள்ளைத் துணுக்குகள் தெரியும்.

அமெரிக்கப் பல் வைத்தியர் ஆர்தர் ஃபிரீட்லாண்டர் 1981இலேயே இதை எழுதிவிட்டார். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் நம்மவர்களிடம் இது பேச்சாகவில்லை.

அதற்காக யாழ்ப்பாணத்து நல்லூரில் எல்லாரும் ஓபிஜி எடுக்க ஓட வேண்டுமா? கூடாது. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் நாடியல்ல. நாவடி எலும்பு, குரல்வளைக் குருத்தெலும்பு, நெறிக்கட்டு, உமிழ்நீர்ச் சுரப்பிக் கல் என்று ஏமாற்றக் கூடியவை பல. நாடிதான் என்றாலும், கல்சியம் இருப்பது வேறு, நாடி ஒடுங்கியிருப்பது வேறு. ஒடுக்கத்தை டொப்ளர் ஸ்கானே அளக்கும். கல்சியம் ஏறாத மென்மையான படிவோ படத்தில் விழவே விழாது. ஆகவே 'படம் சுத்தம்' என்பதும் உத்தரவாதமல்ல. அறிகுறி எதுவுமில்லாதவர்களின் கழுத்து நாடியைத் தேடித்தேடிச் சோதிக்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021இலும் மீண்டும் சொன்னது. வீண் பயம் ஒரு பக்கம். நாடியைத் திறந்து துப்புரவாக்கும் சத்திரசிகிச்சையே சிலருக்குப் பாரிசவாதத்தைக் கொண்டுவரும் என்பது மறுபக்கம்.

ஆனால் தேடிப் போவது வேறு. வேறு தேவைக்கு எடுத்த படத்தில் தானாக வந்து நிற்பதைக் காணாததுபோல் விடுவது வேறு. என் வாதம் இரண்டாவதைப் பற்றியது. அந்த வெள்ளைத் துணுக்கின் பெறுமதி கழுத்தோடு முடிவதில்லை. ஒரு நாடியில் படிந்தது இதய நாடியிலும் படிந்திருக்கக் கூடும். பிரஷர், சீனி, கொழுப்பு, புகை எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்பதே அதன் பொருள். யாழ்ப்பாணச் சுருட்டின் பெருமையை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். முரசைக் கெடுக்கும் அதே புகையிலை நாடியையும் கெடுக்கும் என்பதைப் பேசியது குறைவு.

அந்தக் கணக்கைப் பார்க்க இங்கே தடை கருவியோ காசோ அல்ல. நல்லூரிலிருந்து யாழ் போதனா வைத்தியசாலை சில கிலோமீற்றர்தான். பிரஷரையும் சீனியையும் அரச நிலையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள். தடை, பல்லும் உடம்பும் வெவ்வேறு ஆட்களுடையவை என்பதுபோல நாம் நடப்பது. பல் படம் வீட்டு அலுமாரியில் கிடக்கும். பிரஷர் கிளினிக் கொப்பி வேறொரு பையில் இருக்கும். இரண்டும் ஒரே மேசையில் சந்திப்பதேயில்லை.

பல் வைத்தியர்கள் செய்ய வேண்டியது சிறிய வேலை: ஐயமான நிழல் கண்டால், எந்தப் பக்கம், எந்த மட்டம் என்று ஒரு வரி எழுதி, பொது வைத்தியருக்கு ஒரு துண்டு கொடுத்துவிடுங்கள். நோயாளிகளே, அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது ஓபிஜி படத்தையும் கொப்பியோடு கொண்டுபோங்கள். ஒரு கை திடீரென்று சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு கண் சற்று நேரம் இருண்டு தெளிந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.