மே மாதப் பட்டியலும் ஜூலை மாத வட்டிக் கடனும்

பிளஸ் டூ முடிவுகள் 2024இல் மே 6 அன்றும், 2025இல் மே 8 அன்றும் வெளியாயின. முடிவு வந்ததும் சென்னையில் நம் வீடுகள் பலவற்றில் நடப்பது ஆண்டுதோறும் ஒன்றுதான். மயிலாப்பூரோ, தி.நகரோ, அடையாறோ, இரண்டே கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போகும். ஒன்று ஊரே ஆசைப்படும் பெரிய கல்லூரி. மற்றொன்று "நம்ம காலேஜ்". இரண்டும் கைவிட்டால் ஜூலையில் நிர்வாக ஒதுக்கீடு, நன்கொடை, அதற்கு நகைக்கடன். வட்டி ஹராம் என்று பயானில் கேட்டுத் தலையசைத்த அதே தந்தை வட்டிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? மே மாதத்தில் சரியான பட்டியல் போட்டிருந்தால் பெரும்பாலானவர்களுக்கு அந்த நிலை வந்திருக்காது.

"நமக்குத்தான் 3.5 சதவீதம் இருக்கிறதே" என்ற தெம்பும் இதற்கு ஒரு காரணம். 2007இல் கிடைத்த அந்த இட ஒதுக்கீடு பெரிய நிஃமத்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 பேர் படிக்கும் ஒரு பி.காம் வகுப்பில் 3.5 சதவீதம் என்பது இரண்டு இடம். அந்த இரண்டுக்கும் சென்னை முழுவதிலிருந்தும் நம் பிள்ளைகள் வருகிறார்கள். நல்ல மதிப்பெண் உள்ளவருக்குப் பொதுப் போட்டியின் 31 சதவீதமும் திறந்தே இருக்கிறது. மற்றவர்கள் ஒதுக்கீட்டை மட்டும் நம்பி ஒரே கல்லூரியில் நிற்பது ஆபத்து. இன்னொன்று: பி.சி.எம். பட்டியலில் லப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்கனி, ஷேக், சையது, மாப்பிள்ளா, அன்சார், துதேகுலா ஆகிய ஏழு பிரிவுகளே உள்ளன. பட்டாணியர் இதில் இல்லை. சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்துப் பாருங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளில் தாலுகா ஆபீஸில் நிற்காதீர்கள்.

பட்டியலில் மூன்று வகை இருக்க வேண்டும்: கிடைத்தால் பெரிய பாக்கியம் என்பவை, மதிப்பெண்ணுக்குப் பொருந்துபவை, நிச்சயம் கிடைக்கும் என்பவை. இந்த மூன்றாவது வகையைத்தான் நம்மவர்கள் கௌரவக் குறைவாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். இத்தனைக்கும் நம் வாசலிலேயே 1914 முதல் நடக்கும் ராணி மேரி கல்லூரி இருக்கிறது; அண்ணா சாலையில் காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது; மகனுக்கு மாநிலக் கல்லூரி, நந்தனம் அரசு கலைக் கல்லூரி. கட்டணம் மிகக் குறைவு. ராணி மேரியிலும் மாநிலக் கல்லூரியிலும் சில பாடங்களுக்குப் போட்டி கடுமை என்பதால் கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல், பாடவாரியாகவே பட்டியலில் எழுத வேண்டும். பி.ஏ. வரலாறு என்றால் முகம் சுளிக்கும் வீட்டில்தான் பிறகு "நம் பிள்ளைகள் ஐ.ஏ.எஸ். ஆவதில்லையே" என்ற புலம்பலும் கேட்கிறது.

ராயப்பேட்டை நியூ காலேஜ் (1951), தேனாம்பேட்டையில் நாம் இன்றும் எஸ்.ஐ.இ.டி. என்றே அழைக்கும் பஷீர் அகமது சயீத் மகளிர் கல்லூரி (1955) ஆகியவை நம் முன்னோர்கள் விட்டுச் சென்ற செல்வங்கள். அங்கும் அரசு உதவி பெறும் பிரிவு வேறு, சுயநிதிப் பிரிவு வேறு. கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டையும் தனித்தனி வரியாக எழுதி, மூன்று வருடச் செலவைப் பக்கத்தில் போடுங்கள். கடனில்லாமல் கட்ட முடியாத வரியை அப்போதே அடித்துவிடலாம்.

லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், விவேகானந்தா என்றால் "நமக்குச் சரிவருமா" என்று தயங்குவோரும் உண்டு. தொழுகைக்கு வசதி உண்டா, உடை விதி என்ன என்று நேரில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், கேட்காமலே ஒதுக்காதீர்கள். அப்துல் கலாம் பி.எஸ்சி. படித்தது திருச்சி புனித வளனார் கல்லூரியில்தான்.

பொறியியலுக்கு வழி வேறு. அரசுக் கலந்தாய்வில் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் விருப்ப வரிசையில் தரலாம். கணினி மேலிருந்து கீழாகப் பார்த்து, கிடைக்கும் முதல் இடத்தை ஒதுக்கும். மேலே கிண்டியை எழுதுவதால் கீழே உள்ளது கைநழுவாது. பயந்து, எளிதில் கிடைப்பதை முதலில் எழுதினால் அதுதான் கிடைக்கும். சென்ற ஆண்டு பி.சி.எம். பிரிவில் எந்தக் கட்-ஆஃப் வரை இடம் போனது என்பது கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கிறது. அண்டை வீட்டார் சொல்வதைவிட அது நம்பகமானது. வண்டலூர் கிரசென்ட் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்பதால் அங்கு தனியே விண்ணப்பிக்க வேண்டும். இமாமிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டு வருவோரும் இருக்கிறார்கள். கலந்தாய்வுக் கணினி இமாமின் கையெழுத்தைப் படிக்காது!

பெண் பிள்ளைகள் விஷயத்தில் தூரம்தான் பெரிய தடை. 2021 முதல் சாதாரண கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அடையாறிலிருந்து அண்ணா சாலை எட்டாத தூரமல்ல.

எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்தானே என்று சிலர் கேட்கலாம். ஆம். ஆனால் பஞ்சம் வரும் என்று அறிந்த யூசுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழு ஆண்டுகளில் தானியத்தைச் சேமிக்கச் சொன்னார்கள். இஸ்திகாரா தொழுபவர் கையிலும் தேர்ந்தெடுக்க இரண்டு மூன்று வழியாவது இருக்க வேண்டாமா?

பல இடங்களில் விண்ணப்பித்து, ஓரிடத்தில் பணம் கட்டிய பின் இன்னோரிடம் கிடைத்தால்? 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30க்குள் விலகியவர்களுக்கு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர யு.ஜி.சி. உத்தரவிட்டது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கவும் கூடாது. சேரும் ஆண்டுக்கான கடைசித் தேதியைப் பார்த்து, ரசீதைப் பத்திரப்படுத்தி, எழுத்துமூலமாகவே கேளுங்கள்.