செல்போன் ஆப் சொல்லும் கேபிள் அளவை நம்பலாமா?

கேள்வி: ‘‘எங்கள் போர்வெல்லில் 7.5 ஹெச்.பி. த்ரீ பேஸ் சப்மெர்சிபிள் மோட்டார், 600 அடி ஆழத்தில் இருக்கிறது. டி.ஓ.எல். ஸ்டார்ட்டர், மீட்டர் பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து போர்வெல்லுக்கு 400 அடி தூரம். இந்த வருடம் மட்டும் இரண்டு முறை காயில் கருகி, கடன் வாங்கித்தான் கட்டிப் போட்டோம். கேபிளை மாற்றலாம் என்றால், எலெக்ட்ரீஷியன் செல்போன் ஆப்பில் பார்த்துவிட்டு 4 ஸ்கொயரே போதும் என்கிறார். கடைக்காரர் 6 ஸ்கொயர் போடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?’’

- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: கடைக்காரர் சொல்வதுதான் உங்கள் தோட்டத்துக்குப் பொருந்தும். ஆப் பொய் சொல்லவில்லை. அதனிடம் பாதிக் கேள்விதான் கேட்கப்பட்டிருக்கும் என்று தோன்றுகிறது.

கேபிளுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, மோட்டார் இழுக்கும் ஆம்பியரைக் கேபிள் தாங்குமா என்பது. 7.5 ஹெச்.பி. மோட்டார் ஏறக்குறைய 13 ஆம்பியர் இழுக்கும். அதை 4 ஸ்கொயர் காப்பர் கேபிள் தாராளமாகத் தாங்கும். ஹெச்.பி.யை மட்டும் கொடுத்தால் ஆப் இந்தப் பதிலைத்தான் தரும். இரண்டாவது, போகிற வழியில் எவ்வளவு வோல்டேஜ் குறைகிறது என்பது. தூரத்தையும் கொடுத்தால்தான் இது வரும்.

இதை நீங்களே நோட்டில் போட்டுப் பார்க்கலாம். த்ரீ பேஸ், காப்பர் கேபிள் என்றால், ஆம்பியரை மீட்டரால் பெருக்கி, அதை 0.031 ஆல் பெருக்கி, கேபிளின் ஸ்கொயரால் வகுக்க வேண்டும். அலுமினியம் என்றால் 0.031-க்குப் பதில் 0.05. உங்கள் மொத்த நீளம் 1,000 அடி, அதாவது சுமார் 300 மீட்டர்.

4 ஸ்கொயர்: 30 வோல்ட் குறையும்.
6 ஸ்கொயர்: 20 வோல்ட் குறையும்.
10 ஸ்கொயர்: 12 வோல்ட் குறையும்.

கேபிளில் குறைவது 5 சதவிகிதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. 415 வோல்ட்டுக்கு அது சுமார் 21 வோல்ட். 4 ஸ்கொயர் இந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. 6 ஸ்கொயர் மயிரிழையில் தேறுகிறது.

ஆனால், உங்கள் பெட்டிக்கு 415 வோல்ட் வருகிறதா? பெரும்பாலான ஆப்கள் முழு வோல்டேஜ் வருவதாக வைத்தே கணக்குப் போடும். பகலில் 380 தான் வருகிறது என்றால், 4 ஸ்கொயரில் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 350 தான். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், காயில் சூடேறும். அப்படியானால், மேலே ஓடும் 400 அடிக்கு மட்டும் 10 ஸ்கொயர் காப்பரோ 16 ஸ்கொயர் அலுமினியமோ போட்டு, போர்வெல்லுக்குள் 6 ஸ்கொயர் இறக்கினால், இழப்பு 17 வோல்ட்டாகக் குறையும்.

இனி ஆப்பில் கணக்குப் போடும்போது எலெக்ட்ரீஷியன் பக்கத்தில் உட்கார்ந்து மூன்றைக் கவனியுங்கள்.

நீளம் அடியிலா, மீட்டரிலா? நாம் அடியில் பேசுவோம், ஆப் மீட்டரில் கேட்கும். போர்வெல் ஆழத்தை மட்டும் போட்டு, மேலே ஓடும் கேபிளை விட்டுவிடுவதும் உண்டு.

எந்த நாட்டு விதி? ‘என்.இ.சி.’ என்று போட்டிருந்தால் அது அமெரிக்க விதியாகவும் இருக்கலாம். நம் நாட்டு மின் விதித் தொகுப்புக்கும் அதே பெயர்தான். கேபிள் அளவு ‘ஏ.டபிள்யூ.ஜி.’ என்று வந்தால் அது அமெரிக்க அளவு. அதில் எண் கூடக்கூட கம்பி மெலியும். ஸ்கொயர் எம்.எம்., 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இருக்கும் ஆப்தான் நமக்கு.

காப்பரா, அலுமினியமா? ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் தொட்டுவிட்டால் பதிலே மாறிவிடும்.

கேபிள் வாங்கும்போது ஒரு ஆப் நிச்சயம் உதவும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ ஆப்பில், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் ‘சி.எம்./எல்.’ எண்ணைப் போட்டால், அந்த உரிமம் யாருடையது, நடப்பில் உள்ளதா என்று தெரியும்.

கடைசியாக ஒன்று. கேபிளை மாற்றிவிட்டால் மட்டும் காயில் கருகாது என்று சொல்ல முடியாது. ஜாயின்டில் தண்ணீர் இறங்கியதும், ஸ்டார்ட்டர் கான்டாக்ட் தீய்ந்ததும், ரிலே அளவைக் கூட்டி வைத்ததும் எந்த ஆப்புக்கும் தெரியாது. மோட்டார் ஓடும்போது மூன்று பேஸிலும் வோல்டேஜையும், டாங் டெஸ்டரில் ஆம்பியரையும் எலெக்ட்ரீஷியனை வைத்து அளந்து எழுதி வையுங்கள். ரிலே, மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கு மேல் இருக்கக் கூடாது. இதைச் செய்த பிறகு கேபிளுக்குப் பணம் கொடுங்கள். மூன்றாவது முறை காயில் கட்டும் செலவு மிச்சமாகட்டும்.