கொற்கை

பாண்டியரின் முத்துத் துறைமுகமாகிய கொற்கைக்கு இன்று செல்வோர் ஆங்குக் கடலைக் காணார். நெல்வயலும் வாழைத்தோட்டமுமே காண்பர். மண்ணை அகழுங்கால் அறுத்த சங்கின் துண்டுகள் கிடைக்கின்றன. அரசர் வலி குன்றியதனால் அத்துறை கெட்டது என்பாருளர். அது பொருந்தாது. தண்பொருநை எனப்படும் தாமிரபரணி கொணர்ந்து குவித்த வண்டல் துறையைத் தூர்த்தது, கடல் விலகிற்று, கலங்கள் காயலை நாடின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ செழிப்புறக் கண்ட அக்காயலையும் பாண்டியரே ஆண்டனர். பின்னர் அதுவும் தூர்ந்தது. வாணிகம் தூத்துக்குடியை அடைந்தது.

துறையைக் கெடுத்த வண்டலே வயலையும் தந்தது. ஆதலின், கொற்கை அழிந்தது என்னாது, தொழில் மாறிற்று என்பதே தகும். ஆயினும், அம்மாற்றம் எல்லார்க்கும் ஒருபடித்தாய் அமைவதன்று. வணிகன் தன் பொருளைக் கலத்தில் ஏற்றி அடுத்த துறைக்குச் செல்வான். முத்துக் குளிப்பவனுக்கோ மூச்சடக்கும் பயிற்சியன்றி வேறு முதல் யாது? அவனை ஏர் பிடிக்கச் சொல்லுதல் எளிது, பிடித்தல் அரிது. தூத்துக்குடியில் 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நின்றது. 1974இல் அவ்வூர் பெருந்துறைமுகமாயிற்று. உப்பும் சரக்குக் கப்பலும் அதனை வளர்த்தன. குளிப்போரோ, மாணவர்களே, சங்கெடுக்க மீண்டும் கடலிலேயே மூழ்கினர்.