கையளவுக்குச் சுருங்கிய போர்க்களம்

வளர்ந்த மனிதர் ஒருவர் பொம்மைகளோடு பொழுது கழிப்பதைக் கண்டால் நாம் நகைக்கிறோம். அவர் துயருற்றவர் என அறிந்தால் இரங்குகிறோம். நகைப்பும் இரக்கமும் ஒருசேர அவருடைய செயலைக் காணத் தவறிவிடுகின்றன. அமெரிக்கரான மார்க் ஹோகன்கேம்ப் தம் வீட்டுக் கொல்லையில் எழுப்பிய ‘மார்வென்கோல்’ என்னும் பொம்மை ஊரை முன்வைத்து இதைச் சொல்லத் துணிகிறோம்.

2000 ஏப்ரலில், நியூயார்க் மாநிலத்துக் கிங்ஸ்டன் நகரில், ஒரு மதுக்கூடத்தின் வெளியே ஐந்து பேர் அவரைச் சாகும் தறுவாய்வரை அடித்தனர். பெண்கள் அணிபவற்றை அணியும் தம் விருப்பத்தை அவர் அங்கே சொன்னதுதான் அவர்களுக்குக் காரணமாயிற்று. ஒன்பது நாள் நினைவின்றிக் கிடந்து விழித்தவருக்குக் கடந்த வாழ்வின் பெரும்பகுதி மறைந்துபோயிருந்தது. நடப்பதையும் எழுதுவதையும் மீண்டும் கற்றார். முன்னர் தேர்ந்த ஓவியராக இருந்தவரின் கை நடுங்கியது. சிகிச்சைக்கான அரசு உதவியும் விரைவிலேயே நின்றது.

தூரிகை பிடிக்க இயலாத அந்தக் கை, பொம்மைகளைப் பிடித்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பெல்ஜியச் சிற்றூர் ஒன்றை ஆறில் ஒரு பங்கு அளவில் அவர் அமைத்தார். நண்பர்களும் தாயும் அதில் பொம்மைகளாகக் குடியேறினர். அவரும் ஒரு படைத்தலைவராக அங்கே வாழ்ந்தார்.

இங்குதான் நாம் கவனிக்க வேண்டியது உள்ளது. துன்பத்தை மறக்க விழைபவர் அமைதியான சோலை ஒன்றையல்லவா படைத்திருப்பார்? ஹோகன்கேம்ப் படைத்த ஊருக்குள் நாஜிப் படையினர் வருகின்றனர். படைத்தலைவரைப் பிடித்து வதைக்கின்றனர். ஊர்ப்பெண்கள் துப்பாக்கியேந்தி அவரை மீட்கின்றனர். கிங்ஸ்டனில் நிகழ்ந்தது மீண்டும் நிகழ்கிறது. ஆனால் இம்முறை அடிப்பவரும் அடிபடுபவரும் அவருடைய விரல்களுக்குள் அடங்குகின்றனர். எப்போது தொடங்குவது, எங்கே நிறுத்துவது, யார் காக்க வருவது என்பதெல்லாம் அவர் முடிவு. வன்முறை ஒருவரிடமிருந்து முதலில் பறிப்பது இந்த முடிவெடுக்கும் உரிமையையே என்று நாம் கருதுகிறோம்.

அவர் எடுத்த புகைப்படங்கள் இன்னொன்றைச் செய்தன. பொம்மையின் கண்மட்டத்துக்குத் தாழ்ந்த கேமரா, சிறியதைச் சிறியதாகக் காட்டுவதில்லை. நினைவை இழந்தவருக்கு ஒவ்வொரு படமும், எவரும் அடித்துப் பறிக்க முடியாத ஒரு புதிய நினைவாயிற்று.

இதில் ஒரு பழைய உண்மையும் உண்டு. எச்.ஜி. வெல்ஸ் தம் மக்களுடன் தரையில் விளையாடியதைப் பற்றி 1911-இல் எழுதிய நூலின் தூண்டுதலால், மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்டு 1920-களின் இறுதியில், இலண்டனில் தம்மிடம் வந்த குழந்தைகளுக்கு மணல்தட்டும் சிறுபொருள்களும் கொடுத்தார். குழந்தைகள் அதனை ‘உலகம்’ என்றே அழைத்தனர். சொல்லத் தெரியாத துயரைக் கை சொல்லும் என்பதே அம்முறையின் அடிப்படை.

பிள்ளைத்தமிழ் பயின்ற நமக்குச் சிற்றில் புதிதன்று. தாம் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்க வேண்டாமெனச் சிறுமியர் வேண்டும் அப்பருவத்தை இனிய விளையாட்டாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். வாழ்வே சிதைக்கப்பட்ட ஒருவர் கட்டும் சிற்றிலைப் பார்த்தபின், அந்த வேண்டுதலின் கனம் வேறாகத் தெரிகிறது.

ஜெஃப் மால்ம்பெர்க்கின் ஆவணப்படம் 2010-இலும், ராபர்ட் ஜெமெக்கிஸின் திரைப்படம் 2018-இலும் இவ்வூரை உலகறியச் செய்தன. திரைப்படம் வெற்றியோடு முடிய விரும்புகிறது. ஆவணப்படமோ, முழுதும் ஆறாத ஒரு மனிதரை அவ்வாறே விட்டுச்செல்கிறது. நமக்கு அதுவே நேர்மையாகப் படுகிறது. காயம் மறைவதையே குணம் என்று கொண்டால் மார்வென்கோல் தோல்விதான். காயத்தைக் கையில் ஏந்திப் பார்க்கும் அளவுக்குச் சுருக்குவதைக் குணம் என்று கொண்டால், பொம்மைகளோடு அமர்ந்திருக்கும் அம்மனிதர் முன் நம் நகைப்பும் இரக்கமும் சற்றே நாணவேண்டும்.