கோழிக்குஞ்சுகளுக்கு வீட்டிலேயே பூச்சித் தீவனம்

மேல்நாடுகளில் ஓணான், பல்லி முதலிய பிராணிகளைச் செல்லமாக வளர்ப்போர் பலர் உளர். அவற்றுட் பலவற்றிற்கு உயிருள்ள பூச்சியே உகந்த ஆகாரமாதலால், தென் அமெரிக்காவைச் சேர்ந்த டூபியா என்னும் ஒருவகைக் கரப்பானை அவர்கள் வீட்டிலேயே பெட்டிகளில் வளர்த்து வருகின்றனர். அக்கரப்பான் வழவழப்பான சுவரில் ஏறமாட்டாது; குஞ்சாகவே ஈனும்; முட்டை அடுக்கும் அட்டைகளை நிறுத்தி வைத்துக் கதகதப்பான இருட்டில் விட்டால் தானே பெருகும். இதைக் கேட்கும் குடியானவர் நகைக்கக்கூடும். ஆயினும் அவ்வளர்ப்போர் கைக்கொள்ளும் விதி ஒன்று இந்நாட்டுக் கோழி வளர்ப்போருக்கும் பொருந்துவதாகும். பூச்சி எதைத் தின்றதோ, அதன் குணமும் குற்றமும் அப்பூச்சியைத் தின்னும் பிராணிக்கும் சேரும் என்பதே அவ்விதி. ஆகவே கண்ட இடத்துப் பூச்சியைப் பிடித்துப் போடாமல், சுத்தமான தீனி கொடுத்து வளர்த்த பூச்சியையே அவர்கள் உபயோகிக்கின்றனர்.

நாட்டுக்கோழி ஓர் அடைக்குச் சுமார் 12 முட்டைகள் இடும். ஆண்டில் 3 தடவை அடை காக்கும். ஒரு கோழி 10 குஞ்சுகள் பொரித்து, அவற்றில் 4 மட்டுமே பிழைக்குமாயின், நஷ்டம் முழுவதும் அக்கோழியை நம்பிய வீட்டுப் பெண்ணையே சாரும். உப்பு, புளி, பிள்ளைகளின் புத்தகம் ஆகிய சில்லறைச் செலவுகளுக்கு அவள் கையிலுள்ள முதல் அதுவே. பருந்தும் கீரியும் ராணிக்கெட் நோயும் குஞ்சுகளைக் கொல்வது யாவரும் அறிந்ததே. ஆகாரக் குறைவும் அவற்றோடு சேர்ந்து கொல்கின்றது என்பதை அறிந்தோர் சிலரே. பொரிந்த குஞ்சு முதல் 2 நாட்கள் வயிற்றில் எஞ்சிய மஞ்சட்கருவால் உயிர் தாங்கும். பின்னர் அதற்கு நூற்றுக்குச் சுமார் 20 பங்கு புரதமுள்ள தீனி தேவை. அரிசி நொய்யிலோ 8 பங்கு அளவே உண்டு. பருந்துக்கு அஞ்சிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, நொய்யை மட்டும் தூவி வளர்க்கப்படும் குஞ்சு வயிறு நிறைந்தும் மெலிவதற்குக் காரணம் இதுவே.

இக்குறையைத் தீர்க்கக் கிராமங்களில் நெடுநாளாக வழங்கிவரும் எளிய உபாயம் கறையான் பானையாகும். பழைய மட்பானை ஒன்றில் கிழிந்த கோணிச் சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல், சோளத்தட்டு ஆகியவற்றை இட்டு, நன்றாக நீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் வாய் கீழாகக் கவிழ்த்து வைத்தல் வேண்டும். விடியற்காலையில் பானையை எடுத்தால் உள்ளே கறையான் திரண்டிருக்கும். வெயில் ஏறுமுன் அதனைக் குஞ்சுகளின் முன் உதறிவிடலாம். புற்றுக் கட்டும் கறையான் உலர்ந்த தழையையும் மரத்தையும், அவற்றைக் கொண்டு புற்றினுள் தானே வளர்க்கும் காளானையும் உண்டு வாழ்வது; அழுகலை நாடுவதன்று. ஆதலின் மேற்சொன்ன விதிக்கு அது பெரிதும் இசைந்ததாகும். ஆயினும் கறையான் மருந்து இட்ட நிலத்திலும், மருந்து ஊற்றிய புற்றின் அருகிலும் பானை வைத்தலாகாது. அங்ஙனம் செய்வது குஞ்சுக்கு நஞ்சூட்டுவதேயாகும். வீட்டுச் சுவரின் ஓரத்தில் வைத்துக் கறையானை வீட்டுக்குள் அழைத்தலும் கூடாது.

கோழி தானே மண்ணைக் கிளறிப் பூச்சி தேடாதோ என்று வினவுவோர் உண்டு. எருக்குழியும் திறந்த கொல்லையும் உள்ள வீட்டில் அது தேடிக்கொள்ளும். முற்றத்திற்குச் சிமெண்டு பூசி, கொல்லையைச் சுவரால் அடைத்த வீட்டில் கிளறுவதற்கு மண் ஏது? வேறு சிலர், பூச்சி கிடைத்தபின் நொய்யும் தவிடும் வேண்டியதில்லை எனக் கருதுவர். இதுவும் தவறு. பூச்சி தானியத்திற்குத் துணையேயன்றி அதற்குப் பதிலாகாது. 7-ஆம் நாளில் விடவேண்டிய ராணிக்கெட் சொட்டு மருந்துக்கும் அது ஈடாகாது.

வீட்டில் திரியும் கரப்பானையும் ஈயையும் பிடித்துப் போடலாமா எனின், ஆகாது என்பதே தக்க விடை. கோழியின் கண்புழு, குப்பையில் வாழும் சுரினாம் கரப்பான் என்னும் ஓர் இனத்தின் வழியே பரவுகின்றது. வீட்டு ஈயின் வழியாகவும் எறும்பு, வண்டு ஆகியவற்றின் வழியாகவும் நாடாப்புழுக்கள் கோழியின் குடலை அடைகின்றன.

கறையான் பானை, உண்மையில் பூச்சியை வளர்ப்பதன்று, வரவழைப்பதே. கோடையில் நிலம் வறண்டால் கறையான் ஆழத்திற்குப் போய்விடும். ஆண்டு முழுவதும் தீவனம் வேண்டுவோர் கருப்புச் சிப்பாய் ஈயின் புழுவை வளர்க்கலாம். இவ்வீ கடிப்பதில்லை, சமையலறை உணவையும் நாடுவதில்லை. தொட்டியில் இட்ட காய்கறித் தோலையும் பழக்கழிவையும் தின்று, வெப்பமான நாட்களில் இதன் புழு இரண்டு மூன்று வாரங்களில் முதிரும். முதிர்ந்த புழு உலர்ந்த இடந்தேடித் தானே வெளியேறுமாதலால், தொட்டியில் சாய்வான பலகை வைத்தால் அதன் வழியே ஏறிவந்து பாத்திரத்தில் விழும். உலர்ந்த எடையில் நூற்றுக்குச் சுமார் 40 பங்கு புரதமும், மற்றப் பூச்சிகளில் அரிதான சுண்ணாம்புச் சத்தும் இதில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2021-ஆம் ஆண்டில் பூச்சிப் புரதத்தைக் கோழித் தீவனத்தில் சேர்க்க அனுமதித்தபோது, சாணம் தின்று வளர்ந்த பூச்சி ஆகாது என்ற நிபந்தனையையும் நிலைநிறுத்தியது. பல்லி வளர்ப்போரின் விதியும் ஐரோப்பியரின் சட்டமும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன.

குஞ்சுகளை இலவசமாக வழங்கும் திட்டங்கள் நற்பயன் தருவனவே. ஆயினும் குஞ்சை வழங்கியதோடு கடமை முடிந்ததெனக் கொள்ளலாகாது. குஞ்சு பெறும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கறையான் பானையை வைத்துக் காட்டி, மறுநாட் காலையில் அதைத் திறந்தும் காட்டுவதே தகுதியாகும். அதற்கு ஆகும் செலவு ஓர் உடைசல் பானையும் ஒரு கிழிந்த சாக்குமே. அதனால் பிழைக்கும் குஞ்சு ஒவ்வொன்றும் அவ்வீட்டுக்கு வரவாகும்.