சிப்பிப்பாறைக்குத் திரும்பத் தெரியாதா?

வேட்டைநாயான சிப்பிப்பாறை நேராக ஓடத்தான் லாயக்கு, நாய்கள் தடை தாண்டும் அஜிலிட்டி போட்டிக்கு மேய்ச்சல் நாயான பார்டர் கோலிதான் சரி என்கிறார் நண்பர். சிப்பிப்பாறை துரத்தும் முயல் என்றைக்கு நேர்கோட்டில் ஓடியது? கரிசல் காட்டில் அது சட்டென்று வெட்டித் திரும்ப, பின்னங்கால்கள் மண்ணை வாரியிறைக்க, வேகம் குறையாமல் உடலை வளைத்துத் திரும்பும் சிப்பிப்பாறையைப் பார்த்தவர் இப்படிச் சொல்லமாட்டார்.

1978இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து உருவான விளையாட்டு அஜிலிட்டி. அதில் மேய்ச்சல் நாய் ஆளின் சைகைக்குக் காத்திருக்கும். வேட்டைநாய் தன் கண்ணை நம்பும். பழக்குவது கடினம்தான், மறுக்கவில்லை. ஒன்றையே பத்து முறை செய்யச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மூன்றோடு நிறுத்துங்கள். போட்டியில் வரும் 12 கம்புகளுக்கிடையே நெளிந்து போவதை இரண்டு கம்புகளில் தொடங்குங்கள். அதட்டினால் ஒடுங்கிவிடும் நாய் அது. சங்கிலியில் கட்டியே வளர்த்துவிட்டு, இனத்தின்மேல் பழி போடாதீர்கள்.